சுவரில் தெரியும் பழுப்புக் கறை: 1963 டிரெய்லர் வாங்கிய வாசகிக்கு

அமெரிக்காவில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரும் கணவரும் 2,800 டாலருக்கு 1963-ஆம் ஆண்டின் 16 அடி டிரெய்லர் (காரின் பின்னால் இழுத்துச் சென்று, போன இடத்தில் தங்கும் வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பிர்ச் பிளைவுட், பக்கவாட்டில் பார்த்தால் இறைச்சி டப்பா போன்ற வடிவம். அங்கே ‘கேன்டு ஹாம்’ என்று அழைக்கப்படும் வகை அது. பின்பக்க மூலைகளில் பழுப்புக் கறை இருக்கிறது. கூரையில் சிலிகான் அடித்துவிட்டு உள்ளே வெள்ளை பெயின்ட் பூசினால் போதும், மூன்று மாதத்தில் கோடை விடுமுறைக்குக் கிளம்பிவிடலாம் என்பது இவரது திட்டம். உள்ளே இருப்பதை எல்லாம் பிய்த்தெறிந்து குளியலறையும் கூரை ஏசியும் வைக்க வேண்டும் என்பது கணவரின் ஆசை. கைவசம் இன்னும் 3,000 டாலர் இருக்கிறது. இழுக்கப்போவது 3,500 பவுண்டு இழுவைத் திறன் குறிப்பிடப்பட்ட மினிவேன். விற்றவர், “இவ்வளவு பழைய வண்டிக்கு டைட்டில் (உரிமைப் பத்திரம்) தேவையில்லை” என்று சொல்லி, விற்பனைச் சீட்டு மட்டும் கொடுத்திருக்கிறார். 7 வயதிலும் 10 வயதிலும் பிள்ளைகள். “பயணத்தின்போது அவர்கள் பின்னால் டிரெய்லரில் படுத்துக்கொண்டு வரலாமா? கடைசியில் நல்ல விலைக்கு விற்க முடியுமா?” என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுப்பிய விவரங்களில் என்னை முதலில் நிறுத்தியது பின்மூலைக் கறைதான். ஆனால் அதைத் தொடும் முன் காகித வேலை ஒன்று இருக்கிறது. அது முடியாமல் இந்த வண்டியில் ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள்.

டைட்டில் இல்லாத வண்டி

விற்றவர் சொன்னது முழுப் பொய்யல்ல. முழு உண்மையும் அல்ல. சில மாநிலங்கள் எடை குறைந்த அல்லது மிகப் பழைய டிரெய்லர்களுக்கு டைட்டில் கேட்பதில்லை. வேறு சில மாநிலங்களில் அது இல்லாமல் நம்பர் பிளேட்டே கிடைக்காது. உங்கள் மாநில வாகனத் துறையிடம் நேரடியாகக் கேளுங்கள். போகும்போது விற்பனைச் சீட்டையும் வண்டியின் தொடர் எண்ணையும் கொண்டுபோங்கள். 17 இலக்க எண் 1981-இல்தான் கட்டாயமானது. ஆகவே உங்கள் வண்டியில் சில இலக்கங்களே இருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் முன்னால் உள்ள ஏ வடிவ இரும்புச் சட்டத்தில், பல அடுக்குப் பெயின்டுக்கு அடியில், அடித்துப் பதித்திருப்பார்கள். பெயின்ட் நீக்கும் திரவத்தால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். கிரைண்டர் வைத்துவிடாதீர்கள், எண்ணும் சேர்ந்து போய்விடும்.

திருட்டு வண்டியா, அதன்மேல் கடன் பாக்கி ஏதும் இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முந்தைய உரிமையாளரிடம் டைட்டில் இருந்ததாகத் தெரிந்தால் அவரிடம் நகல் வாங்கும் வழிதான் சுலபம். அதுவும் கிடைக்காவிட்டால் பல மாநிலங்களில் பிணையப் பத்திரத்தின் பேரில் தரும் டைட்டில் உண்டு. வண்டி மதிப்பின் ஒன்றரை மடங்குக்குப் பத்திரம் கேட்கும் மாநிலங்கள் உண்டு. அந்தத் தொகை முழுவதையும் நீங்கள் கட்ட வேண்டியதில்லை, அதற்கான பிரீமியம் மட்டும்தான். இதில் சிக்கல் விழுந்தால் விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க இதுதான் நேரம். தகட்டைக் கழற்றிய பிறகு அந்த வாய்ப்பு இல்லை.

கறை என்ன சொல்கிறது

இந்த வகை வண்டியை உள்ளிருந்து வெளியே கட்டினார்கள். இரும்புச் சட்டத்தின்மேல் தரைப்பலகை, அதன்மேல் உள்சுவர்ப் பிளைவுட் ஒட்டிய மரச்சட்டங்கள், அலமாரிகள், பிறகு வயரும் கண்ணாடியிழைப் பஞ்சும், கடைசியாக அலுமினியத் தகடு. மரச்சட்டங்கள் பெரும்பாலும் முக்கால் அங்குலக் கனம்தான். தகட்டுக்குத் தனியாக வலு கிடையாது. வண்டியை நிற்கவைப்பது அந்த மெல்லிய மரங்களும் அவற்றோடு ஒட்டிய பிளைவுட்டும்தான்.

கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் ஓரத்தில், ஒரு பட்டை மசியத்தின்மேல் (புட்டி) மோல்டிங் எனும் ஓரப்பட்டையை வைத்து ஸ்க்ரூ முடுக்கியிருப்பார்கள். அறுபது ஆண்டு வெயிலில் அந்த மசியம் காய்ந்து வெடித்துவிடும். தண்ணீர் ஸ்க்ரூ துளை வழியாக இறங்கி, பஞ்சில் ஊறி, அடிச்சட்டத்தில் போய்த் தேங்கும். வெளியே காற்று போக வழியில்லை. ஆகவே நீங்கள் உள்ளே பார்க்கும் கறை, கசிவு தொடங்கிப் பல காலம் கழித்துத் தெரியும் கடைசி அடையாளம். கசியும் இடம் அதற்கு நேர்மேலே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. முன் ஜன்னலில் புகுந்த நீர் சட்டம் வழியே ஓடிப் படுக்கைக்கு அடியில் தலைகாட்டும்.

ஆகவே வெள்ளை பெயின்ட் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அது ஓதத்தை மறைக்கும், மரம் இற்றுப்போவதை நிறுத்தாது. இன்னொரு காரணமும் உண்டு: அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் தடைசெய்யப்பட்டது 1978-இல். அதற்கு முன் பூசிய எந்தப் பெயின்டையும் சோதிக்காமல் தேய்க்கக் கூடாது, அதிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில். அடுப்பு, ஹீட்டருக்குப் பின்னால் உள்ள பழைய பலகையிலும் தரை ஓட்டின் கருப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உடைக்கும் முன் ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

சிலிகான் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் முதலில் வாங்குவது அதைத்தான். அலுமினியத்தில் அது நாளடைவில் ஓரம் விட்டு எழும்பும். எழும்பிய இடத்துக்குள் தண்ணீர் நிற்கும். அதைவிட மோசம், அதன் படலம் படிந்த இடத்தில் வேறு எந்தப் பசையும் ஒட்டாது, புது சிலிகான்கூடச் சரியாக ஒட்டாது. அடுத்து ஒழுங்காகச் செய்ய வருபவர் அதைச் சுரண்டியே களைத்துப்போவார்.

ஒரு மழையில்லாத நாளில் குத்தூசியும் ஈரமானியும் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். பின்மூலைகளின் அடிப்பகுதி, ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே, கதவோரம், சக்கரக் குழியைச் சுற்றி, பின்தரை, கூரைத் துவாரத்தைச் சுற்றி என எல்லா இடத்திலும் ஊசியை அழுத்துங்கள். நல்ல மரம் எதிர்க்கும். இற்ற மரத்தில் ஊசி கேக்கில் இறங்குவதுபோல இறங்கும். ஈரம் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி, 20-ஐத் தாண்டினால் பூஞ்சை வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய இடத்தை எல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டுப் படம் எடுங்கள். அந்தப் படங்கள்தான் உங்கள் செலவுக் கணக்கு.

கசிவைத் தேட, வெளியே ஒருவர் குழாய் பிடித்துக் கீழிருந்து மேலாகப் போக வேண்டும், ஒரு பகுதிக்குப் பத்து நிமிடம். உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரேயடியாக நனைந்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. இன்னும் துல்லியமான வழி ஒன்று: கூரைத் துவாரத்தில் ஒரு விசிறியை உள்ளே ஊதும்படி பொருத்தி, மற்றத் திறப்புகளை டேப் ஒட்டி மூடி, வெளி மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம் எல்லாம் கசிவு.

பிரித்துக் கட்டும் முறை

கறை பின்மூலைகளில் மட்டும் என்றால் முழு வண்டியையும் பிரிக்க வேண்டியதில்லை. கணவர் நினைப்பதுபோல உள்ளிருந்து பிய்ப்பதுதான் இதில் பெரிய தவறு. அலமாரிகளும் குறுக்குத் தடுப்புகளும் சுவரை நேராகப் பிடித்து நிற்கின்றன. அவற்றை ஒரே வாரயிறுதியில் அகற்றினால் வண்டி சாய்கோணமாக நெளிந்துவிடும், பிறகு கதவு அதன் நிலையில் உட்காராது. பழுது வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்.

வண்டியை ஜாக் ஸ்டாண்டுகளில் மட்டமாக நிறுத்துங்கள். உள்ளே மூலைக்கு மூலை பலகை அடித்து முட்டுக் கொடுங்கள். மோல்டிங்கைக் கழற்றி எண்ணிடுங்கள். பிறகு கூரை அல்லது பின்தகடு. அதன் ஓரம் பக்கத் தகட்டின்மேல் மடிந்திருக்கும். பக்கத் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று கொக்கியாக மாட்டியிருப்பதால் மேலிருந்து கீழாகத்தான் கழலும், கீழிருந்து மேலாகத்தான் மாட்ட வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் திறங்கள்.

எவ்வளவு இற்றிருந்தாலும் பழைய வளைசட்டத்தை எறிந்துவிடாதீர்கள். பொடியாக உதிர்ந்தாலும் துண்டுகளைத் தரையில் அடுக்கி அட்டையில் வரைந்து எடுத்தால், அதுதான் அளவு. அந்த வளைவு வேறெங்கும் கிடைக்காது. இற்ற இடத்துக்கு அப்பால் நல்ல மரம் வரும் வரை வெட்டி, புது மரத்தைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு இணையுங்கள். மரத்தைக் கெட்டிப்படுத்தும் திரவம் என்று விற்பதைப் பளு தாங்கும் இடத்தில் நம்ப வேண்டாம். நனைந்த பஞ்சை எடுத்துவிட்டு முக்கால் அங்குலக் கடின நுரைப்பலகை வைத்தால் சட்டத்தின் கனத்துக்குச் சரியாகப் பொருந்தும். பழைய பஞ்சில் எலி எச்சம் பெரும்பாலும் இருக்கும். ஹான்டா வைரஸ் அபாயம் இருப்பதால் உலர்ந்த நிலையில் பெருக்கவே கூடாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, நல்ல சுவாசக் கவசமும் கையுறையும் போட்டு அள்ளுங்கள்.

மூடும்போது 1 அங்குல அகலம், 1/8 அங்குலக் கனம் உள்ள ப்யூட்டைல் டேப்பை (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) மோல்டிங்கின் அடியில் ஒட்டி, துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூவால் முடுக்குங்கள். ஒரே மூச்சில் இறுக்க வேண்டாம். டேப் பிதுங்க நேரம் வேண்டும். வெயில் பட்ட மறுநாள் இன்னொரு சுற்று முடுக்கி, பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் சீவுங்கள். ஜன்னல், கதவு, ஓர விளக்கு என எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஓர விளக்குகளை மறந்துவிடுவோர் அதிகம், அந்தச் சின்ன ஸ்க்ரூ துளைகள் வழியாகவே ஒரு மூலை முழுவதும் இற்றுப்போகும்.

உள்ளே பிர்ச் பலகை நன்றாக இருக்கும் இடத்தில் அதை அப்படியே விடுங்கள். மேற்பூச்சை நீக்கிய பிறகு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் தடவினால் கருத்த நீர்க்கறை பெரும்பாலும் வெளுக்கும். புதுப் பலகையைப் பழையதோடு இணக்க, தேன்நிற அரக்கு வார்னிஷை மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு கொடுத்தால் போதும். இந்த வகை வண்டியைத் தேடி வாங்குபவர்கள் விரும்புவது அந்தத் தேன்நிறத்தைத்தான்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள்

கரண்ட், கேஸ், சக்கரம். இந்த மூன்றுக்கும் பணம் ஒதுக்கிய பிறகு மிச்சத்தில்தான் திரைச்சீலை.

1963 வண்டியில் 120 வோல்ட் வயரிங் பெரும்பாலும் இரண்டு கம்பிதான், கிரவுண்ட் (எர்த்) இருக்காது. எங்காவது காப்பு உரிந்து தகட்டைத் தொட்டால் வண்டியின் தோல் முழுக்க மின்சாரம் ஏறும். ஈர மண்ணில் நின்றுகொண்டு கதவுப் பிடியைத் தொடும் பிள்ளைக்கு அது உயிர் விஷயம். சுவர் திறந்திருக்கும்போதே மூன்று கம்பி வயரிங்காக மாற்றிவிடுங்கள். 30 ஆம்பியர் முதன்மை வயருக்கு 10 கேஜ், 20 ஆம்பியர் கிளைக்கு 12 கேஜ் செம்பு. நியூட்ரலும் கிரவுண்டும் டிரெய்லரின் பெட்டிக்குள் ஒன்றுசேரவே கூடாது. இதை வீட்டு வயரிங் செய்பவர்களே தவறவிடுகிறார்கள், ஏனென்றால் வீட்டின் முதன்மைப் பெட்டியில் இரண்டையும் சேர்த்துப் பழகியவர்கள் அவர்கள். இன்னொன்று, வீட்டில் டிரெய்லருக்கு என்று 30 ஆம்பியர் சாக்கெட் வைக்கச் சொன்னால் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கானது என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுவதுண்டு. டிரெய்லர் சாக்கெட் 120 வோல்ட். செருகும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

பின்விளக்குகள் அலுமினியத் தகடு வழியாகவே கிரவுண்ட் எடுத்திருக்கும். புது டேப்பும் பெயின்டும் போட்டதும் அந்த இணைப்பு அறுந்து, விளக்கு மங்கும் அல்லது ஒன்று போட்டால் இன்னொன்று எரியும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி கிரவுண்ட் வயர் இழுத்துவிட்டால் தீர்ந்தது.

கேஸுக்குப் பழைய ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் சோதிக்காமலே மாற்றுங்கள். புது இரண்டு நிலை ரெகுலேட்டர் 11 அங்குல நீர் அழுத்தத்தில் இருக்க வேண்டும். செம்புக் குழாயின் விரிவாய் மூட்டில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அங்கே உலோகத்தோடு உலோகம் உட்கார்ந்துதான் அடைப்பு. பிறகு சான்று பெற்ற தொழில்நுட்பரிடம் அழுத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள். பழைய ஹீட்டரும் கேஸ் ஃபிரிட்ஜும் இருந்தால், அவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை பற்றவைக்கக் கூடாது. விரிசல் விட்ட எரியறை கார்பன் மோனாக்சைடைப் படுக்கைப் பக்கம் விடும். கார்பன் மோனாக்சைடு அலாரமும் புகை அலாரமும் வையுங்கள். புரொபேன் காற்றைவிடக் கனமானது என்பதால் அதன் அலாரம் தரைக்கு அருகில் இருக்க வேண்டும். தீயணைப்பான் கதவருகே. ஒற்றைக் கதவு வண்டி இது, எனவே பிள்ளைகள் படுக்கும் பக்கத்து ஜன்னல் முழுசாகத் திறக்கிறதா என்று பாருங்கள்.

டயர் பட்டன் தேயாமல் இருந்தாலும் அதன் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கம் வாரமும் ஆண்டும்: 2318 என்றால் 2018-இன் 23-ஆம் வாரம். ஐந்தாறு ஆண்டு கடந்திருந்தால் டிரெய்லர் டயர்களே வாங்கி மாற்றுங்கள். பேரிங்குகளைக் கழுவி, நீலம் பாய்ந்திருந்தால் அல்லது குழி விழுந்திருந்தால் மாற்றி, புது கிரீஸ், புது சீல் போடுங்கள். மின் பிரேக்கும் வண்டி பிரிந்தால் தானாகப் பிடிக்கும் சுவிட்சும், உங்கள் மாநிலம் இந்த எடைக்குக் கட்டாயம் என்று சொல்லாவிட்டாலும், பொருத்துங்கள். டிரெய்லர் கொக்கியில் பொறித்திருக்கும் பந்து அளவும், அது மாட்டும் வேனின் இரும்புப் பந்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 அங்குலக் கொக்கி 1 7/8 அங்குலப் பந்தில் மாட்டியதுபோலத்தான் தெரியும். முதல் பள்ளத்தில் கழன்றுவிடும்.

வேனும் எடையும்

வண்டியின் வெற்று எடை 2,200 பவுண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அதன்மேல் 20 கேலன் தண்ணீர் 167 பவுண்டு, நிரம்பிய ஒரு புரொபேன் சிலிண்டர் சுமார் 37, பேட்டரி 50, சாமான்கள் குறைந்தது 300. 2,750-ஐத் தாண்டிவிட்டது. இதில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் இறங்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 275 முதல் 410 பவுண்டு. அது உங்கள் வேனின் கொக்கி வரம்புக்குள் இருக்க வேண்டும். வேனுக்குள் அமரும் நால்வர் எடையோடு சேர்த்து ஓட்டுநர் கதவோர ஸ்டிக்கரில் உள்ள சுமை வரம்பையும் தாண்டக் கூடாது. சில வேன்களில் அந்த 3,500 பவுண்டு, இழுவைக்கான கூடுதல் பாகங்கள் (டோ பேக்கேஜ்) பொருத்தியிருந்தால் மட்டும். ஆட்கள் கூடக்கூட அது குறையும். உரிமையாளர் கையேட்டைப் பாருங்கள். லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் நிஜ எடையைப் பார்த்துவிடுங்கள்.

கணவரின் ஏசி யோசனை இங்கேதான் இடிக்கிறது. முக்கால் அங்குலச் சட்டங்கள் சாலை அதிர்வோடு 80 பவுண்டு ஏசியைச் சுமக்கும்படி கட்டப்படவில்லை. கூரை குழிந்து, குழியில் தண்ணீர் நின்று, நீங்கள் சரிசெய்த கசிவு திரும்ப வரும். குளியலறை என்றால் தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி, அவற்றின் எடை. அந்த வசதிகள் அவசியம் என்றால் வேறு வண்டி பாருங்கள் என்றுதான் அவரிடம் சொல்வேன். வெக்கைக்கு ஜன்னலில் அல்லது அலமாரியில் வைக்கும் சின்ன ஏசி, கீழே தாங்கலோடு, இந்த வண்டிக்குப் போதும்.

பிள்ளைகளை ஓடும் டிரெய்லரில் வைக்காதீர்கள். சில மாநிலச் சட்டம் தடுக்காமல் இருக்கலாம். ஆனால் அங்கே சீட் பெல்ட் இல்லை, சுவர் காகித கனம்.

பணமும் விற்பனையும்

ஊசிச் சோதனையில் பின்மூலைகள் மட்டும் கெட்டிருந்தால், வேலையை நீங்களே செய்தால், 3,000 டாலரில் அடக்கப் பார்க்கலாம், இறுக்கமாகத்தான் இருக்கும். நான்கு மூலையும் கூரையும் போயிருந்தால் அடங்காது. அப்போது உள்ளதை உள்ளபடி சொல்லி, படங்களோடு விற்றுவிடுவது தோல்வியல்ல. லாபக் கணக்கு போட வேண்டாம். போட்ட பணமும் உழைத்த மணிநேரமும் விற்பனையில் அபூர்வமாகவே திரும்பும். இன்ஷூரன்ஸில் மட்டும் கவனம்: இழுக்கும் காரின் பாலிசி பொதுவாக நீங்கள் மற்றவருக்கு விளைவிக்கும் சேதத்தையே ஏற்கும், டிரெய்லரின் சேதத்தை ஏற்காது. வேலை முடிந்ததும் ரசீதுகளைக் காட்டி, மதிப்பை முன்கூட்டி ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசி கேளுங்கள்.

மூன்று மாதத்தில் கிளம்ப முடியுமா என்ற கேள்விக்கு என் பதில், முடியாது என்பதுதான். வாரயிறுதிகளில் இரண்டு பேர் செய்யும் வேலை ஓராண்டு எடுத்தால் அது தாமதமல்ல. இந்தக் கோடைக்குக் கூடாரம் எடுத்துக்கொண்டு போங்கள், டிரெய்லரை மழைபடாத கொட்டகையில் காற்றோட்டமாக உலரவிடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்து ஓதம் கூடும்.

எல்லாம் முடிந்து முதல் முறை இழுக்கும்போது தூரமாகப் போகாதீர்கள். 10 மைலில், 25-இல், 50-இல் நிறுத்திச் சக்கர நட்டுகளைக் குறித்த இறுக்கத்துக்குத் திரும்ப முடுக்குங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு சக்கரக் குடத்தருகேயும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அந்தப் பக்கத்துப் பேரிங் அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, மேலே ஓட்ட வேண்டாம். வழியில் டிரெய்லர் ஆடத் தொடங்கினால் வேனின் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், டிரெய்லர் பிரேக்கைக் கையால் மெல்ல இயக்குங்கள். நின்றதும் சாமான்களை அச்சுக்கு முன்பக்கம் நகர்த்தி வையுங்கள். ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் பின்னால் ஏற்றிய கனம்தான்.